நகக்கண்

செவ்வாய்க்கிழமைகளில் கார்லண்ட் ஹஃபும் நானும்
ஒரே வரிசையில் உட்காருவோம்.
மெம்ஃபிஸ், யூனியன் அவென்யூ, நான்காம் மாடி.
அவருக்குள் இருப்பது இடது. எனக்குள் இருப்பது வலது.
ஒரே பையன், ஒரே ராத்திரி, ஒரே மோட்டார் சைக்கிள்.
பெயரைச் சொல்ல மாட்டார்கள்;
தேதியை வைத்து நாங்களே கூட்டிக் கழித்துக்கொண்டோம்.

கார்லண்ட் வீடுகளுக்குக் கூரை போட்டவர்,
முப்பது கோடை தார் ஓடுகளின் மேல் முழங்காலிட்டு.
மாத்திரைகள் உடம்பின் காவலைத் தூங்கவைத்ததும்
வெயில் பழைய கணக்கோடு வந்து நின்றது.
முதலில் காதுமடல்.
பிறகு மூக்கோரம், கீழுதடு.
பதினோரு முறை வெட்டித் தைத்திருக்கிறார்கள்.
"என்னைச் சில்லறை சில்லறையாகக் கொண்டுபோகிறார்கள், ஓர்லீனா."
சிரித்தால் தையல் இழுக்கும்.
ஆனாலும் சிரிப்பார்.

எனக்கு அந்தப் பயம் வேண்டாம் என்றார்கள்.
உங்கள் தோல் உங்களைக் காக்கும்.

இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டியிருக்கிறேன்.
இந்தத் தோல் என்னைக் காத்ததாக
அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.
கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒரு மடிப்புத்தாள் தந்தார்கள்:
எந்தப் புண் எப்படி இருக்கும் என்று பதினாறு படங்கள்.
பதினாறும் இளஞ்சிவப்பு.
கன்னம், நெற்றி, ஒரு வழுக்கைத் தலை.
என் முழங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
வேறு ஊர் வழித்தடப் படம்.
என் நிறுத்தம் ஒன்றுகூட அதில் இல்லை.

கார்லண்டை உரித்து நிறுத்தி
விளக்கும் லென்சுமாக
வகிடு வரைக்கும் தேடுவார்கள், அரை மணி நேரம்.
என்னிடம், "ஏதாவது தெரிகிறதா?"
"இல்லை."
"நல்லது."
காலுறையைக் கழற்று என்று யாரும் சொன்னதில்லை.

வயிற்றுக்குள் சுருங்கிக் கிடக்கும் என் பழைய இரண்டையும்
வருடம் ஒருமுறை ஸ்கேனில் பார்ப்பார்கள்.
உங்களவர்களுக்கு ஆபத்து அங்கேதான் கூடுதல்
என்றார் டாக்டர் வெஸ்லர்.
உண்மைதான்.
பாதி உண்மை.

கண்டுபிடித்தவள் தூய்.
லாமார் அவென்யூவில், சலவைக்கடையை ஒட்டி
நகம் திருத்தும் கடை வைத்திருப்பவள்.
தங்கை மகளின் பட்டமளிப்பு; போனேன்.
வெந்நீரிலிருந்து என் காலைத் தூக்கி,
துண்டால் ஒற்றி, மடியில் வைத்து,
பழைய சாயத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவள்
நிறுத்திவிட்டாள்.

இடது கால் கட்டைவிரல். நகக்கண்ணில்
பருப்பளவில் ஒரு சொரசொரப்பு.
பூஞ்சை என்று நினைத்து ஒரு வருடமாக
செர்ரிச் சிவப்பு பூசி நான் மூடிவைத்தது.

"இதன்மேல் பூச மாட்டேன்," என்றாள்.
"காசு வேண்டாம். இன்றைக்கே போய்க் காட்டு."
தூயின் கடையில் சுவர் முழுக்கச் சாயப்புட்டிகள்.
அவள் பார்த்தது எந்தச் சாயத்தையும் அல்ல.

டாக்டர் வெஸ்லர் இரண்டு தடவை குனிந்து பார்த்தார்.
ஒரு துணுக்கு வெட்டி அனுப்பினார்.
ஒன்பதாம் நாள், "அபூர்வம்," என்றார்.
"அபூர்வமாக வருகிறதா,
அபூர்வமாகத்தான் பார்க்கிறீர்களா?"
பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.
நல்ல மனிதர்தான்.
பிறகு அந்தக் குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
மீதி ஒன்பது விரல்களையும் விரித்து,
உள்ளங்கால், விரலிடுக்கு, தொடை மடிப்பு,
வெயில் ஒருநாளும் தொடாத இடமெல்லாம்
ஆறு வருடத்தில் முதல் முறையாக
என்னைப் படித்தார்.

விரலின் முதல் கணு போயிற்று.
"நீயும் சில்லறை கொடுக்க ஆரம்பித்துவிட்டாய்," என்றார் கார்லண்ட்,
கண் கலங்கியதைத் தொப்பியின் விளிம்பால் மறைத்துக்கொண்டு.
அடிவயிற்றில் அந்தப் பையன்
அவருக்கு இடப்பக்கமாகவும் எனக்கு வலப்பக்கமாகவும்
வடிகட்டிக்கொண்டிருந்தான்.
எந்தத் தோலுக்குப் பின்னால் இருக்கிறான் என்று
அவனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜனவரி. நடைபாதையில் பனி உறைந்து வழுக்குகிறது.
செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்
திறந்த செருப்பில்தான் போகிறேன்.
குளிரட்டும்.
பார்க்கட்டும்.