முட்டைக்குப் பின் வந்த ஞாயிறுகள்

பிரசங்கத்தின் நடுவே பாதிரியார் யோராம்
அங்கிப் பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தார்.
ஓடு, வெள்ளை, மஞ்சள்.
மூன்று; ஆனாலும் முட்டை ஒன்றே என்றார்.
ஓசுர்கேத்தியில் இருபது வருடமாகக்
கிறிஸ்துமஸ் ரொட்டிக்குள் முட்டை வைத்துப்
பிறைபோல் மடிப்பவள் நான்.
ஓட்டை நொறுக்கிக் கோழிக்கே போடுவேன்.
கடவுளில் எதைக் கோழிக்குப் போடுவது?

அடுத்த வாரம் சூரியன் வந்தது:
வட்டம், வெளிச்சம், வெப்பம்.
கோயிலுக்கு வெளியே பதினோராம் நாள் மழை.
வெப்பம் எப்போதாவது சூரியனைத் திரும்பிப் பார்த்து
'நீ' என்று சொல்லியிருக்கிறதா?
கேட்க வாய் வந்தது.
மெழுகுத்திரிக்குக் காசு கொடுத்துவிட்டு
வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் அண்ணன் ஓத்தியா டயர் ஒட்டுகிறவன்.
வேலிக்கு அந்தப் பக்கம் வார்தென், தேனீக்காரர்.
வேலி மேல் சாய்ந்த ஒரு ஹேசல் கொட்டை மரத்துக்காக
இரண்டு வருடமாய் இருவருக்கும் பேச்சில்லை.
மின்கம்பம் விழுந்த இரவில்
வார்தெனின் வண்டிக்கு ஆணி குத்த
ஊரில் வேறு கடை எங்கே இருக்கிறது?

வந்தார். சாவியை மேசையில் வைத்தார்.
ஓத்தியா ஒன்றும் சொல்லாமல் ஜாக்கியைச் செருகினான்.
டார்ச்சைப் பிடித்தபடி நான்.
தகரக் கூரையில் மழை.
வேலை செய்யும்போது அண்ணனுக்கு அடித்தொண்டையில்
ஒரு முனகல் உண்டு,
அவனுக்கே தெரியாது.
அது என்ன பாட்டு என்று எனக்குத் தெரியும்.
நடுக்குரலை எடுத்தேன்.
வார்தென் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்,
நின்றார்,
பிறகு அவரால் முடியவில்லை.
சேவல் கூவுவதுபோல் உடைந்து உடைந்து ஏறும்
அந்த உச்சக்குரல் கிளம்பிவிட்டது.

மூன்று நாற்காலியை ஓரிடத்தில் போட முடியாது.
மூன்று மாவுருண்டையைச் சேர்த்துப் பிசைந்தால்
மூன்று காணாமல் போகும்.
இங்கோ கொட்டகை முழுக்க ஓத்தியா.
கொட்டகை முழுக்க வார்தென்.
முழுக்க நான்.
யாரும் யாரையும் ஓரம் தள்ளவில்லை.
மூவரும் வேறுவேறு சொல்லைப் பாடினோம்,
பாதி சொல்லே இல்லை, வெறும் ஒலி;
பாட்டு ஒன்றுதான்.
அதில் மூன்றில் ஒரு பங்கு என்று
எவர் கையிலும் எதுவும் இல்லை.

தொடங்கியவன் ஓத்தியா, சரி.
ஆனால் மேலே ஒரு குரல் வரும்வரை
அது அடிக்குரலே இல்லை,
வெறும் முனகல்.
மகன் இல்லாமல் யாருக்கு யார் தந்தை?
டார்ச் கையில் ஆடியது எனக்கு.

பிறகு மூச்சு தீர்ந்தது.
வார்தென் இருமினார்.
சக்கரத்தை மாட்டிவிட்டு அண்ணன்
முழுக் கூலியும் வாங்கினான், ஒரு லாரி குறைக்கவில்லை.
'நாணயம்' என்று நினைத்துக்கொள்ளுங்கள், வண்டியல்ல:
இங்கே காசுக்கு அதுதான் பெயர்.
மரம் இன்னும் வேலி மேலேயே சாய்ந்திருக்கிறது.

பாதிரியாரிடம் சொன்னேன்.
வெகுநேரம் தாடியைத் தடவினார்.
"பாட்டு நின்றதும் நீங்கள் மூன்று பேர், இனேசா.
அங்கே அது நிற்பதில்லை.
உன் உவமையும் ஒரு பழைய தவறுதான்,
அதற்கு ஒரு கிரேக்கப் பெயர்கூட உண்டு,
தேடிச் சொல்கிறேன்."
சொல்லவில்லை இதுவரை.
அந்த ஞாயிறு அவர் முட்டை கொண்டுவரவில்லை.
பிரசங்க மேடையில் கொஞ்சநேரம் சும்மா நின்றார்.
பாடகர் வரிசையிலிருந்து
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

சிலுவை இட மூன்று விரலைக் குவித்தேன்.
நகத்தடியில் மாவு.
காலையில் உப்பு எடுத்த
அதே மூன்று விரல்.