அரைப்பேர்

பதினாலாம் கட்டிலுக்கு
ரெண்டு மணிக்கொரு தடவை வாய் துடைக்கணும்,
மிஸ் எழுதி வைத்திருக்கிறா.
வலிக்கான ஊசியைத் தவிர
மற்ற மருந்தெல்லாம் நிறுத்தியாயிற்று.
மிச்சமிருப்பது இந்த வாய்தான்.

டிக்கோயா மழை ஜன்னல் தகரத்தில் விழுகிறது.
பல்செட் ஜாம் போத்தலில் கிடக்கிறது,
மூடியில் மகள் பேனையால் எழுதிய பெயர்:
கே. சிதம்பரநாதன்.
எங்களுக்கு வெறும் கணக்கப்பிள்ளை.

தலைமாட்டை உயர்த்தி
முகத்தை என் பக்கம் சாய்க்கிறேன்,
ஈரம் தொண்டைக்குள் இறங்கிவிடாமல்.
விரலில் துணி சுற்றி,
உப்பு கரைத்த வெந்நீரில் தோய்த்துப் பிழிந்து
முதலில் உதடு.
ஒட்டிக் கிடப்பதை இழுக்கக் கூடாது,
ஊறவிட வேண்டும்.
அப்புறம் கன்னத்தின் உள்பக்கம், ஈறு.
நாக்கில் வெள்ளை,
தை மாசத்து விடியலில்
கொழுந்தைக் கருக்குமே, அந்தப் பனி மாதிரி.

நேற்று கடித்தார்.
அது தானாக மூடுகிற தாடை, என்றா மிஸ்.
இருக்கலாம்.
எனக்கு இந்த வாயைத் தெரியும்.

பெரட்டுக்களத்தில் ஆறரை மணிக்கு
மூட்டத்துக்குள்ளிருந்து
ஆளுக்கு முன்னால் இந்த வாய் வரும்.
ஒருநாள் பதினாறு கிலோவுக்குப் பதினாலரை.
மழையும் அட்டையும் எனக்கிருந்த காய்ச்சலும்
தராசில் ஏறவில்லை.
"தேவானைக்கு அரப்பேரு!"
அரைநாள் கூலி போச்சு.
சின்னவனுக்கு அந்தக் கிழமை பால்மா இல்லை.
அவருக்கு அது ஞாபகமிருக்காது;
ஒரு நாளைக்கு எத்தனை பேர்.

"ஒரு முடக்குத் தண்ணியாவது
குடுக்கக் கூடாதா அக்கா?"
மகள் என்னைத்தான் கேட்டாள்.
புரையேறிவிடும் என்றேன்.
அவள் முகத்தைப் பார்த்துவிட்டு,
"பிளேன்டி இருக்கா?"

பிளாஸ்க் மூடியில் ஆறவிட்டு
பஞ்சுக்குச்சியை நனைத்து, வழித்து,
நாக்கு நுனியில் வைத்தேன்.
சப்பினார்.
மறுபடியும் சப்பினார்.
மூன்று நாளாய் நெரிந்திருந்த புருவம்
மெல்லத் தளர்ந்தது.
மகள் வெராண்டாவுக்குப் போய்விட்டாள்.

உதட்டுக்கு வாசலின் தடவும்போது
காற்றோடு ஒரு சத்தம் வந்தது:
"தே..."

என் பேரா, தேத்தண்ணியா?
காதை வாயருகே வைத்துக்கொண்டு
முதுகு வலிக்கும் வரை குனிந்திருந்தேன்.
மீதி வரவில்லை.

பஞ்சை இன்னொருமுறை தோய்த்தேன்.

இரவு பத்து மணி. வாய் துடைத்தது. ஈரம் கொடுத்தது.
தாளில் கீழே
என் பேரை முழுசாக எழுதினேன்.
அடுத்தது பன்னிரண்டுக்கு.