இருபது கிலோ விடுப்பு

வெள்ளி மாலை ஐந்தேகாலுக்கு
புதுவயல் அரிசி ஆலையின் ஆறாவது தராசுக்கும்
சரிபார்த்த சீட்டு ஒட்டியாயிற்று.
சனிக்கிழமை ஒருநாள் விடுப்பு.
விண்ணப்பத்தில் காரணம் கேட்ட கட்டத்தில்
'சொந்த வேலை' என்று எழுதியிருந்தேன்.
வேலையே இல்லாததற்கு
வேறு சொல் அகப்படவில்லை.

படிக்கற்களை என்ன செய்வது?
பத்து, ஐந்து, இரண்டு, இன்னோர் இரண்டு, ஒன்று.
பச்சை வெல்வெட் குழிகளில் தூங்கும் இருபது கிலோ.
கண்ணைவிட்டு அகலக் கூடாது, கம்பெனி விதி.
லாட்ஜ்காரர் பெட்டியை ஒரு கையால் தூக்கப் பார்த்து
"உள்ள என்னம்மா, பொணமா?" என்றார்.

ஆக, ஊர் சுற்ற இரண்டு பேர்.
சேவுகன் ஆட்டோவில்
காற்று வரும் பக்கம் பெட்டிக்கு.

ஐந்து வருடமாக மாதம் இருமுறை வருகிறேன்.
காரைக்குடியில் நான் அறிந்தவை:
பஸ் ஸ்டாண்ட், தவிட்டு வாசம்,
லாட்ஜின் இரண்டாம் மாடியில்
பாதியில் நிற்கும் மின்விசிறி.

வெள்ளைப் பணியாரம் ஆறு தின்றேன்.
ஒன்று முப்பது கிராம் இருக்கும் என்றது கை.
சும்மா இரு என்றேன் கையிடம்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்கு ஐம்பது ரூபாய் டிக்கெட்.
முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரிந்தது,
நடுவில் மூன்று முற்றம்,
மூன்று சதுரம் வெயில்.
"பொட்டிய வெளிய வையிங்க" என்றார் காவலாளி.
முடியாது என்றேன்.
"அப்பத் தரையில இழுக்காதீங்க."
தூக்கிக்கொண்டு நடந்தேன் அத்தனை நீளத்தையும்.
கை கடுத்து நின்ற இடத்தில்
சுவரில் கன்னத்தை வைத்தேன்.
மோர்ப்பானையின் வெளிப்புறம் போல இருந்தது
பகல் ஒரு மணிக்கு.

பழம்பொருள் கடையில் ஒரு பித்தளை உருளி.
கிலோ தொள்ளாயிரம் என்றார் மெய்யர்.
மின்தராசு ஒன்று இருநூற்று நாற்பது காட்டியது.
இல்லை, என்றது கை.

நான் இன்றைக்கு விடுப்பு.
நான் இன்றைக்கு விடுப்பு.
மூன்றாம் முறை சொல்வதற்குள்
பெட்டியைத் திறந்திருந்தேன்.

ஒரு கிலோ கல்லை வைத்தால்
தொள்ளாயிரத்து அறுபது.
தட்டைக் கழற்றினேன்.
அடியில், மடங்கிய கல்யாணப் பத்திரிகையின் ஒரு மூலை
யாருக்கும் தெரியாமல்
எடையில் கொஞ்சம் தாங்கிக்கொண்டிருந்தது.
உருவினேன். மணமகள் பெயர் பாதி கிழிந்து வந்தது.

மெய்யர் நெடுநேரம் பேசவில்லை.
"அந்தக் கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வருசமாச்சே."
உதடு அசைய எதையோ கூட்டினார்,
விட்டுவிட்டார்.
"சரி, போனது போகட்டும்.
உங்களுக்கு முப்பத்தாறு ரூவா கூட."

கொடுத்தேன். சிரிப்பு வந்தது.
எனக்கு இலாபமாய் இருந்த பிழையை
நானே திருத்திய முதல் நாள்.

ஐந்தரைக்கு ஊருணிப் படியில் உட்கார்ந்தேன்.
கால்கள் தண்ணீரில்,
பெட்டி இரண்டு படி மேலே, நனையாமல்.
தாமோதரன் சார் அழைத்தார்.
எங்க இருக்கீங்க?
காரைக்குடியில சார்.
இன்னுமா? தராசு ஏதும் மக்கரா?
இல்ல சார், சும்மா.
மறுமுனையில் கொஞ்சம் அமைதி.
சும்மாவை எந்தக் கட்டத்தில் போடுவது என்று
யோசித்திருப்பார்.

இரவு ரயிலில், மேல்படுக்கை விளக்கில்
பயணப்படித் தாளை நிரப்பினேன்.
பணியாரம் என் செலவு.
வீட்டு டிக்கெட், உருளி, அந்த முப்பத்தாறு,
எல்லாம் என் செலவு.
ஆட்டோவும்தான்.
ஆனால் சேவுகன்
சுமைக்கூலி என்று தனியாக ஐம்பது வாங்கியிருந்தார்.
அதை மட்டும்
கம்பெனிக் கணக்கில் எழுதினேன்.

பெட்டி விடுப்பில் இல்லை.