இருநூற்றுப் பதினேழு

கும்மிடிப்பூண்டி உருட்டாலை வாசலில்
விபத்தில்லா நாட்கள் பலகை.
காலையில் எண்ணை மாற்றுவது என் வேலை.

இருநூறு தொட்டால் ஆளுக்கொரு குக்கர்.
நூற்றுத் தொண்ணூற்றாறில்
முனிரத்தினத்தின் கட்டைவிரல் நசுங்கியது.
பனியன் துணியில் சுற்றி
ஆரம்பாக்கம் தாண்டித்
தடாவில் தையல் போட்டோம்.
வீட்டுக் கதவு இடுக்கியது என்று
தெலுங்கில் எழுதிக்கொண்டார் டாக்டர்.
அந்த மாநிலத்து ரத்தம்
எங்கள் பலகையில் சேராது.

குக்கர் வந்தது.
மூடியைத் திருக அவனுக்கு வரவில்லை.
மனைவிதான் திறந்தாளாம்.

இன்று சாக்பீஸை எடுத்தேன்.
இருநூற்றுப் பதினேழு எழுத வேண்டும்.
சுழியம் போட்டேன்.
மேனேஜர் பார்த்தார்,
அழிக்கவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை.

ஷிப்டு முடிந்து
இரண்டாம் உலை பிஸ்வால் வந்து நின்றான்.
சட்டைக் கையைச் சுருட்டி
பழைய தீத்தழும்பைக் காட்டினான்.
"இது எத்தனாம் நாள், அண்ணா?"