இருபது கிலோ

நாலு மணிக்கு நின்றது எடைப்பாலம்.
இப்போது ஒன்பது.
செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள்
ஆலை வாசல் தாண்டி, சுராவ் தாண்டி
லாபிஸ் போகும் சாலை வளைவு வரை.
பழம் காத்திருக்காது, புளித்துவிடும் என்று
மூன்றாம் முறை சொல்லிவிட்டுப் போனார்
மிஸ்டர் குவெக்.
தெரியாதா,
எனக்கும் மூக்கு இருக்கிறது.

பழைய கணினி செத்துப்போனது.
புதியதில் நான் எழுதிய நிரல்
எல்லாம் பேசும், எடை மட்டும் பேசாது.
தராசோடு பேச ஒரு லைப்ரரி வேண்டும்.
அதை எழுதிய ஈப்போ கம்பெனி
இப்போது கைப்பேசி உறை விற்கிறது.
மிச்சம் ஒரு சிடி, கீறலோடு,
காக் யாத்தியின் இழுப்பறையில்
பனடோல் அட்டைகளுக்கு அடியில்.

முதலில்,
அப்படி ஒரு லைப்ரரியே இல்லை என்றது.
இருக்கும் இடத்தைக் காட்டினேன்.
பிறகு வரிசை தப்பு.
கேட்பவன் முன்னே நிற்க வேண்டும், கொடுப்பவன் பின்னே.
லிங்கர் ஒரே ஒரு நடைதான் நடக்கும்,
திரும்பிப் பார்க்கிற பழக்கம் அதற்கில்லை.
ஆளை மாற்றி நிறுத்தினேன்.
நாற்பத்தொரு பிழை ஒன்றானது.

அந்த ஒன்று அசையவில்லை.
எடையைப் படிக்கச் சொல்லி யாரையோ கூப்பிடுகிறாய்,
அப்படி யாரும் இங்கில்லை.

இல்லாமல் எங்கே போவான்?
ஹெடரில் பெயர் இருக்கிறதே, நானே தட்டினேன்.
லைப்ரரியைப் பிளந்து பெயர்ப் பட்டியலை விரித்தேன்.
டி போட்டது, இருக்கிறது.
யூ போட்டது, தேடப்படுகிறது.
அந்தப் பக்கம் டி: ரீட் வெயிட்,
மொட்டையாக.
என் பக்கம் யூ:
முன்னால் ஒரு கோடு, ஒரு இசட், ஒரு பதினொன்று,
அப்புறம்தான் ரீட் வெயிட்,
வாலில் ஒரு வி.
கேட்காமலே
கம்பைலர் செய்துவிட்ட அலங்காரம்.

சிரித்துவிட்டேன்.
காக் யாத்தி நிமிர்ந்து பார்த்தார்.

நான் இளவேனி.
சிகாமட் ஆஸ்பத்திரியில் எழுதினவர் காதுக்கு
எலவேனி.
அதன் பின்னே ஏ, ஒரு சாய்கோடு, ஒரு பி,
அப்பா பெயர், அதிலும் ஓர் எழுத்து கூடுதல்.
வெளியே முதல் லாரியின் கதவில் சாய்ந்திருக்கும்
நல்லமுத்து அண்ணனுக்கு
ஐசியில் ஒரு மூ, பேங்க் புத்தகத்தில் ஒரு மு.
எட்டு மாதமாய் சேமநிதிக் காசு நிற்கிறது.
அதே ஆள். அதே கட்டைவிரல்.
கவுண்டர் நாலில் சொன்னார்களாம்,
அப்படி யாரும் இங்கில்லை.

அவருக்கு என்னால் ஆவது ஒன்றுமில்லை.
இதற்கு ஒரு வரி உண்டு:
இந்தப் பெயரைப் பழைய மொழியில் உள்ளபடியே கூப்பிடு,
எதையும் ஒட்டாதே.
ஹெடரின் தலையில் எழுதினேன்.
காலில் அடைப்பு மூடினேன்.
பாதி வெந்ததையெல்லாம் அழித்துவிட்டு
முதலிலிருந்து கட்டச் சொன்னேன்.
வரிகள் ஏறின, ஏறின, நின்றன, மறுபடி ஏறின.
ஆறிய கோப்பி ஓவை
காக் யாத்தி என் பக்கம் நகர்த்தினார்.

பிழை இல்லை.
எச்சரிக்கை பதினேழு. கிடக்கட்டும்.

ஓட்டினேன்.
திரையில் எடை:
20.

பாலத்தில் லாரியே இல்லை.
சுழியம் அல்லவா வர வேண்டும்?
எங்கே பிசகு, எந்த எண்ணை எந்தப் பெட்டியில் போட்டேன்,
வயிற்றில் கோப்பி புரண்டது.
ஜன்னலைத் தள்ளி டார்ச் அடித்தேன்.

பகல் வெயில் மிச்சம் வைத்த சூட்டில்
இரும்பின் நடுவே சுருண்டு கிடந்தது
ஆலையின் செவலை நாய்.

ரசீது அடிக்கட்டுமா,
பெயர் என்ன போட?
என்றார் காக் யாத்தி.

நல்லமுத்து அண்ணன் ஹாரனை அமுக்கினார்.
எழுந்தது.
முன்னங்கால் நீட்டி முறித்தது.
அவசரமில்லாமல் இறங்கிப் போனது.

0.