எட்டு மில்லிமீட்டர்

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள்
நாள்முழுக்க நின்ற இடத்திலேயே உறுமும்.
அந்த வரிசைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில்
கட்டினோம் 'கொண்ட'லை.
நாற்பதடி. ஒற்றைப் பாய்மரம்.
வலை வைக்க இடமில்லை, ஐஸ் பெட்டி இல்லை.
வேடிக்கை பார்க்க வந்த காசிமேட்டுத் தேசிங்கு கேட்டான்:
"மீனே புடிக்காத போட்டுக்கு இம்மாம் அளவு எதுக்கு?"
பிறகு ஐந்து பந்தயத்திலும்
முன்பாய்க் கயிறு அவன் கையில்தான் இருந்தது.

வரைந்தவள் ஹெப்சிபா.
தண்டையார்பேட்டை மொட்டைமாடி அறையில்
மூன்று கோடை வரைந்தாள்.
அலையைக் கிழிக்க முகம், ஏறிச் சறுக்கப் பின்புறம்,
அடியில் வாள்போல் இறங்கும் கீல்,
அதன் நுனியில் ஈயக் குண்டு:
வியாசர்பாடியில் உருக்கி வார்த்தது,
அறுநூறு செத்த ஆட்டோ பேட்டரி.

ஃபைபர் வேலை என்னுடையது.
கீல் சேரும் இடத்தை நீல மையால் வட்டமிட்டு
எழுதியிருந்தாள்: எட்டு மில்லிமீட்டர்.
சித்திரை வெயிலில் ரெசின் பத்து நிமிடத்தில் இறுகும்.
யோசிக்க நேரமில்லை என்று சொல்ல ஆசைதான்.
யோசித்தேன்.
அவள் வீட்டுக்குப் போன பிறகு
ஒரு துணி கூடுதலாக விரித்தேன்.
இன்னொன்று.
அப்புறம் எண்ணவில்லை.
எனக்கு அவள் கணக்கு தெரியாது.
முகத்துவாரத்தில் ஒரு போட் நடுவே பிளந்தபோது
அதற்கு அடியில் இருந்திருக்கிறேன், அது தெரியும்.

எடை பார்த்த நாளில்
இருபத்தொரு கிலோ அதிகம்.
எங்கே, எங்கே என்று தேடினாள்.
நங்கூரச் சங்கிலியைக் குறைத்தாள்,
ஆளுக்கொரு சட்டை போதும் என்றாள்,
பல்துலக்கிகளின் பிடியைக்கூட அறுத்தாள்.
அறுத்துக் கொடுத்தது நான்.

விசாகப்பட்டினம்: நான்கு நிமிடத்தில் தோற்றோம்.
போர்ட்பிளேர்: காற்று செத்துப் பத்தொன்பது மணி நேரம்
பாய் ஈரத்துணியாய்த் தொங்கியது.
திருகோணமலை: பாய்மரம் முறிந்தது.
இழுத்துவந்த விசைப்படகு
டீசலுக்குக் கணக்கெழுதிக் கொடுத்தது, ஒரு ரூபாய் விடாமல்.
நான்காம் பந்தயத்தில் நான்காவதாக வந்து
சலுகை நேரம் கழித்ததில் முதலிடம்.
கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான் தேசிங்கு:
"நாலாவதா வந்தவனுக்குக் கப்பா?
இது எந்த ஊர் நாயம்?"

ஐந்தாவதில், அமாவாசை ராத்திரி,
மிதந்துவந்த பெருமரத்தில் மோதினோம்.
சுக்கான் பிடித்திருந்த மெல்வின் முன்னால் போய் விழுந்தான்.
விளக்கோடு இறங்கிப் பார்த்தேன்.
ஒரு சொட்டுத் தண்ணீரில்லை.
கடைசியாகக் கரை சேர்ந்தோம்.

ஒரு மார்கழிப் புயலில் தாங்கு சட்டத்திலிருந்து சரிந்து
தூண்டில் வளைவுக் கல்லில் விலா நொறுங்கியது.
காப்பீட்டுக்காரர் கையெழுத்து கேட்டார்.
ரம்பம் போட்டோம்.
வெட்டுவாயில் வெர்னியரை வைத்தாள் ஹெப்சிபா.
பதினொன்று.
மறுபடி வைத்தாள்.
என்னைப் பார்த்தாள்.
நான் என் விரல் வெடிப்புகளைப் பார்த்தேன்.

"எட்டே போதும்."
"அந்த மரம் மோதுன ராத்திரிக்கும்?"
"போதும்."
விசாகப்பட்டினம் பற்றி அவள் பேசவில்லை.
நானும்.
லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

கிளம்பும்போது
உள்ளங்கையளவு துண்டொன்றைப் பைக்குள் போட்டாள்.
எடை பார்க்கவில்லை.