இடது மணிக்கட்டு

வழக்கிலக்கம் எழுதிய துண்டோடு வந்தார்கள்.
விலங்கைக் கழற்றச் சொன்னேன்,
இரும்பு படத்தில் வெள்ளையாய் விழும்.
சிறைக்காவலர் சாவியைத் தேடிச்
சட்டைப் பையைத் தட்டிக்கொண்டிருக்க
பொடியன் விரல்களைக் குவித்து
காப்புக் கழற்றுவதுபோல் உருவி
மேசையில் வைத்தான்.
காவலர் சிரிக்கவில்லை. நானும்.

தங்கராசா யதுர்ஷன், நாவலடி.
வயது என்ற இடத்தில் கேள்விக்குறி.
அதை நிரப்பத்தான்
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் என் அறை.

தாய் நேசமலர் வாசலில் நின்று சொன்னாள்:
"கடல் வந்த அண்டைக்கு இவனுக்கு நாலு மாசம் மிஸ்.
ஏணைச் சீலையோட தூக்கிட்டு ஓடினனான்.
பெட்டி போயிட்டு, பத்திரம் போயிட்டு,
புள்ள மட்டும் மிஞ்சினான்."
அதை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை.

கையை விரித்து வை என்றேன்.
வைத்தான். மூச்சையும் பிடித்துக்கொண்டான்.
கைக்குத் தேவையில்லை தம்பி, நெஞ்சுக்குத்தான்.
"பரவாயில்ல மிஸ்" என்று தலையால் சொன்னான்,
மூச்சை விடாமல்.

திரையில் வந்தது:
எட்டுச் சிறு கற்கள்,
ஆரை எலும்பின் நுனியில்
மயிரிழை அளவு கறுப்பு.
அது திறந்திருந்தால் இன்னும் வளர்கிறான்.
மூடியிருந்தால் ஆள்.
இவனுக்கு ஒரு பக்கம் மூடி
மறுபக்கம் மூடாமல்.

ஆனால் இது இன்றைய எலும்பு.
சம்பவம் இரண்டரை வருடத்துக்கு முந்தி, ஒரு மாசி இரவில்.
ஊரடங்கு, நீதவான் இடமாற்றம்,
சாட்சி வரவில்லை, சட்டத்தரணிக்குச் சுகமில்லை.
எலும்பு தவணை கேட்கவில்லை.
ரிமாண்ட் சோற்றிலும் வளர்ந்தது.

கூட நின்ற இருவருக்கும்
மீசை இருக்கிறது, பெண்சாதி இருக்கிறது, வாக்கு இருக்கிறது.
மூவருக்கும் ஒரே குற்றப்பத்திரம், ஒரே கூண்டு.
முதல் தவணையில் கூண்டின் கட்டை
இவனுக்கு நாடிக்கு நேரே நின்றதாம்,
இப்போது நெஞ்சுக்கு.
தாய் அப்படித்தான் வருடம் எண்ணுகிறாள்.

எனக்கு இன்னொரு படமும் தெரியும்.
வவுணதீவு வயலில் தண்ணீர் மோட்டருக்குக் காவலிருந்த
கணபதிப்பிள்ளை
அந்த இரவு இதே மேசையில் கிடந்தார்.
காதுக்கு மேலே தொடங்கி
மண்டையின் பின்பக்கம்வரை ஒரு கோடு.
விடியமுதல் முடிந்தது.
படத்தைத் தாங்க என்று மகள் கேட்டாள்.
கோட்டுக்கு வேணும், தர ஏலாது என்று
சொன்னவள் நான்.
அவளுக்கும் அப்போது பதினைந்து, பதினாறுதான் இருக்கும்.
யாரும் அவள் கையைப் படமெடுக்கவில்லை.

அந்தக் கோட்டை நான் மறக்கவில்லை.
அதனால்தான் இந்தக் கோட்டை
இரண்டுதரம் எடுத்தேன்.

சட்டவைத்திய அதிகாரி எழுதுவார்:
பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில்.
இரண்டரையைக் கழித்தால்
பதினாலரை, அல்லது பதினாறரை.
பதினாறு இந்த இடைவெளிக்குள்தான் எங்கோ கிடக்கிறது.
மேல்நீதிமன்றத்தில்
ஒருவர் இந்த முனையைப் பிடிப்பார்,
ஒருவர் அந்த முனையை.
நடுவில் இருப்பது
ஒரு மணிக்கட்டு.

போகுமுன் கேட்டான்,
"ஒருக்காப் பாக்கலாமா மிஸ்?"
திரையைத் திருப்பினேன்.
தன் கையைப் பக்கத்தில் வைத்து
விரல் விரலாக ஒப்பிட்டான்.
"இன்னும் வளருவனா?"

காவலர் சாவியைக் கண்டெடுத்திருந்தார்.
விலங்கை இந்தமுறை
ஒரு பல் கூட்டி இறுக்கினார்.